யோசிப்பவருக்குத் தூங்கிவிடும் கடிகாரம்

ஏகாம்பரம் காபி கேட்டான். அவன் மனைவி நாகரத்தினம் அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் கழிப்பறையில் உட்கார வைத்தாள். கதவிடுக்கு வழியாக அவன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு அண்டா பாலைப் பொங்க வைத்திருக்கலாம், அடுப்பே வேண்டாம்.

நாகரத்தினத்தைக் குறை சொல்ல முடியாது. குரலி 'கழிப்பறை' என்றுதான் சொன்னது. அதுவும் செய்தி வாசிப்பவர் மாதிரி, கொஞ்சமும் சந்தேகம் இல்லாத குரலில். மனுஷன் வாய் ஒன்று கேட்க மிஷின் வாய் இன்னொன்று சொன்னால், வீட்டில் இருப்பவள் எதை நம்புவாள்?

ஏகாம்பரம் நகரப் பேருந்துக் கண்டக்டர். அவன் பணியில் இருந்த காலத்தில் 'உள்ளே போ' என்று ஒரு சத்தம் போட்டால் எங்கள் பஸ் கூட்டம் மட்டுமல்ல, பக்கத்துச் சிக்னலில் நிற்கும் பஸ் கூட்டமும் உள்ளே போகும். நான் தேவசகாயம். ஒரு நாளிதழ் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டு, உண்மையைச் சொன்னால் கணினிகளைத் திட்டிக்கொண்டு, ஓய்வு பெற்றவன். பெரம்பூரில் தினமும் அவன் பஸ்ஸில் ஏறுவேன். படியில் நிற்காதே என்பான் அவன். நிற்பேன் என்பேன் நான். சிநேகம் அப்படி வளர்ந்தது. இப்போது ஒரே மாடியில் எதிரெதிர் வீடு.

பக்கவாதம் வந்து அவனிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனது. டிக்கெட் கிழித்த வலது கட்டைவிரலை மட்டும் என்ன நினைத்தோ விட்டுவைத்தது. பிள்ளைகுட்டி இல்லை. நாகரத்தினமும் அந்தக் கட்டைவிரலும்தான்.

அந்தக் கட்டைவிரலுக்காக அரசாங்கம் கொடுத்த இலவசக் கருவிதான் குரலி. திரையில் வார்த்தைகள் வரிசையாகக் கட்டம் கட்டி நிற்கும். ஒரு மஞ்சள் வெளிச்சம் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் நின்று அடுத்ததற்கு நகரும். வேண்டிய வார்த்தையில் வெளிச்சம் நிற்கும்போது கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் பட்டனை அழுத்தினால் குரலி அதைச் சத்தமாகச் சொல்லும். எழுத்து எழுத்தாகக் கோத்தும் பேசலாம். அது வந்த பிறகு அவனுடைய பழைய சண்டைகள் எல்லாம் உயிர் பெற்றன. மீன்காரர், கேபிள்காரர், குடியிருப்போர் சங்கத் தலைவர், ஒருவரையும் பாக்கி வைக்கவில்லை. தலைவர் மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டார் என்றால் பாருங்கள்.

பிறகுதான் அந்த 'மின்சிக்கன மேம்பாடு' வந்தது. மாநிலத்தில் இருக்கும் எல்லாக் குரலிகளுக்குள்ளும் கம்பெனிக்காரன் ஒரே இரவில் எதையோ தள்ளிவிட்டான். மறுநாள் காலையிலிருந்து ஏகாம்பரம் தண்ணீர் கேட்டால் காபி வந்தது. காபி கேட்டால் கழிப்பறை. கழிப்பறை கேட்டால் 'வலி' என்று வந்தது, நாகரத்தினம் மாத்திரையை வாயில் திணித்தாள். மற்றதை அவன் படுக்கையிலேயே முடித்தான்.

*

புகார் கொடுத்தோம். கம்பெனியிலிருந்து நிரூபன் என்று ஒருவன் வந்தான். நல்ல இஸ்திரிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் யாரோ அச்சடித்து ஒட்டிய புன்னகை. பட்டனைக் கையில் எடுத்துத் தவில்காரர் மாதிரி தடதடவென்று தட்டினான். தண்ணீர், காபி, வலி, டிவி. அவன் குறிவைத்தது எல்லாம் அச்சுப்பிசகாமல் வந்தது.

"டிவைஸ் நூறு பர்சென்ட் ஓகே சார். பேஷண்ட் சைடுலதான்..." என்று இழுத்து, சுட்டுவிரலால் தன் நெற்றியைத் தொட்டான்.

நாகரத்தினம் இடுப்பில் கைவைத்தாள். "இன்னா, நெத்தியத் தொடற?"

"இல்ல ஆன்ட்டி, வயசானா இப்படித்தான்..."

"அவரு வயசு எனக்குத் தெரியும். உன் மிஷினு வயசச் சொல்லு. போன வாரம் வரைக்கும் நல்லாப் பேசிட்டிருந்த மனுசன். நீங்க உள்ள எதையோ தள்ளி வுட்டீங்க, அன்னிலேர்ந்து ஒளறுது. மிஷின வுட்டுட்டு மனுசன் மண்டையத் தட்டிப் பாக்கறியா நீ?"

"ஆன்ட்டி, அது வெறும் பவர் சேவிங். அதுக்கு நாங்க அவார்டு வாங்கியிருக்கோம்."

"அந்த அவார்ட எடுத்துட்டு வந்து இவர கக்கூசுக்குத் தூக்கச் சொல்லு" என்றாள்.

அவன் போய்விட்டான். ஆனால் விஷயம் போகவில்லை. குரலி மாதாமாதம் தானாகவே சில கேள்விகள் கேட்கும். உங்கள் பெயர் இதுவா, இவர் உங்கள் மனைவியா என்கிற மாதிரி. பதில்கள் தொடர்ந்து தப்பாக வந்தால் சட்டப்படி ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவார். 'சுயமாக முடிவெடுக்கும் திறன் இல்லை' என்று அவர் எழுதிவிட்டால் அதன் பிறகு அந்த ஆளின் சொல்லுக்கு மதிப்பில்லை. எங்கே இருப்பது, என்ன சிகிச்சை, எல்லாம் அரசாங்கக் காப்பாளர் கைக்குப் போகும். அவர்கள் ஆளை அரவணைப்பு இல்லத்துக்குக் கொண்டுபோவார்கள். மனைவி கேட்டாலும் திருப்பி அனுப்பமாட்டார்கள், அவனே கேட்டாலும் கிடையாது. அவன் கேட்பதைத்தான் கணக்கிலேயே எடுக்கமாட்டார்களே.

ஏகாம்பரத்துக்குப் பதில்கள் தப்பாகவே வந்துகொண்டிருந்தன. அதிகாரி வரும் நாள் குறித்துத் தகவல் வந்தது.

அவனுக்கு மட்டுமா? டிவியைத் திறந்தால் 'மறதி அலை' என்று சிவப்பு எழுத்தில் ஓடியது. மாநிலம் முழுக்க, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குத் திடீரென்று புத்தி மங்குகிறதாம். ஒரு நிபுணர் மைதாவால் என்றார். இன்னொருவர் குழாய்த் தண்ணீரால் என்றார். மூன்றாமவர் அவர்கள் இருவரையும் திட்டினார். புதிதாக அரவணைப்பு இல்லங்கள் கட்ட இடம் தேடுகிறார்கள் என்று அடியில் ஒரு வரி நகர்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது. எரிச்சல் எனக்கு நல்ல மருந்து. இரத்த அழுத்தம் சரியாகிவிடும்.

*

பட்டனை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். நாளிதழ் அலுவலகத்தில் எந்தச் சர்வரும் பணிந்துவிடும் என் பிரத்தியேக வசவுகள் அத்தனையையும் வரிசைக்கிரமமாக விட்டேன். அது அசையவில்லை. கடைசியில் அலுத்துப்போய் ஏகாம்பரத்திடம் திரும்பினேன்.

"என்னடா, நிஜமாவே உனக்குத்தான் கழண்டுடுச்சா?"

சும்மா சீண்டத்தான் கேட்டேன். ஆனால் அவன் கண்கள் சிவந்துவிட்டன. கட்டைவிரல் பட்டனைத் தேடியது. திட்டுவதற்கென்றே அவன் தனியாக ஒரு வரிசை வைத்திருந்தான். அதைத் திறந்து வைத்தேன்.

"வணக்கம்" என்றது குரலி. பக்கத்துக் கட்டம், சண்டையை முடிக்க அவன் வைத்திருந்தது. வழக்கமான தப்பு.

ஆனால் அவன் நிறுத்தவில்லை. விரல் விடாமல் அடித்தது. "போடா." சரி. "முட்டாள்." சரி. "அறிவு இருக்கா." சரி. "படியில் நிற்காதே." நான் நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தேன், ஆனாலும் கட்டம் சரி.

எனக்குப் புல்லரித்தது. இப்படி மனம் குளிர நான் என் கல்யாணத்தன்றுகூடத் திட்டு வாங்கியதில்லை.

"தங்கச்சி, இங்க வா. இவனுக்கு ஒண்ணும் கழலலை. கோபமாத் தொடர்ந்து தட்டினா எல்லாம் சரியா வருது. நிறுத்தி யோசிச்சுத் தட்டினா தப்பா வருது."

நாகரத்தினம் ஈரக்கையோடு வந்தாள். "அதெப்படிண்ணே?"

"எல்லா மிஷினுக்கும் அடிவயித்துல கர்னல்னு ஒண்ணு உண்டு. அதுக்குள்ள ஒரு கடிகாரம், டைமர். நம்ம கேட் வாட்ச்மேன் மாதிரி வெச்சுக்கோ. முன்னே அந்த வாட்ச்மேன் சும்மா இருக்கும்போதும் செகண்டுக்கு நூறு தடவை எட்டிப் பார்த்துக்கிட்டே இருப்பான், யாராவது பட்டனைத் தொட்டாங்களான்னு. இப்போ கரண்டு மிச்சம் பண்ணணும்னு அவன்கிட்ட, யாரும் வரலைன்னா தூங்குன்னு சொல்லிட்டாங்க. இவன் யோசிச்சு அழுத்தறதுக்குள்ள வாட்ச்மேன் தூங்கிட்டான். பெல் சத்தம் கேட்டு எழுந்து, செருப்பை மாட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள வெளிச்சம் அடுத்த கட்டத்துக்குப் போயிடுது."

"வெளிச்சம் தூங்காதா?"

"அது திரையோட வேலை. அது பாட்டுக்கு நகரும். விரலைக் கவனிக்கிறவன்தான் தூங்கறான். தொடர்ந்து தட்டினா தூங்க நேரமில்ல, அதனால கரெக்டா இருக்கான். அந்த இஸ்திரிச் சட்டை அன்னிக்குத் தடதடன்னு தட்டினான் இல்ல? அவனுக்கு எப்படித் தப்பு தெரியும்?"

அவள் குரலியைப் பார்த்தாள். "அப்போ கோவக்காரனுக்குத்தான் காது குடுக்கும். நிதானமாப் பேசறவன் பைத்தியம். அதானே?"

"அதேதான்."

"நல்ல மிஷினு செஞ்சான்" என்றாள். சிரிக்கவில்லை.

கம்பெனிக்கு நான் எழுதி அனுப்பினேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று உடனே பதில் வந்தது. நான் இன்னும் காரமாக எழுதினேன். அவர்களுக்கு அதுவும் முக்கியமாம். அதற்குள் அதிகாரி வரும் நாள் வந்துவிட்டது.

"என்னண்ணே செய்யறது?" என்றாள் நாகரத்தினம்.

"அவனைக் கோபமாவே வெச்சிருப்போம்."

"அது போதுமா? அப்போ நீங்க பக்கத்துல உக்காந்தா சரி" என்றாள்.

*

அதிகாரி டாக்டர் மங்கையர்க்கரசி. நான் ஒரு ராட்சசியை எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவரோ செருப்பை வாசலில் விட்டு, ஏகாம்பரத்தின் கையைத் தொட்டு, "வணக்கம் ஐயா" என்றார். எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. கூடவே நிரூபனும் வந்திருந்தான். கருவி நலமாக இருக்கிறது என்று சான்று சொல்ல வேண்டுமாம். திரையில் மூன்றே கட்டங்கள் வைத்தான்: ஆம், இல்லை, தெரியாது.

"உங்க பேர் ஏகாம்பரமா, ஐயா?"

நான் முந்திக்கொண்டேன். "இவன் பேரா மேடம்? டிப்போவுல இவன் பேர் நத்தை. இவன் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போனவன் ஆபீசுக்கு முன்னாடியே போயிடுவான்."

ஏகாம்பரத்தின் கட்டைவிரல் துடித்தது. "தெரியாது. இல்லை. இல்லை. ஆம்" என்றது குரலி.

"ஏன் மாத்தி மாத்திச் சொல்றார்?"

"முதல் மூணும் எனக்கு மேடம். கடைசிதான் உங்களுக்கு. டேய், ரெண்டு விசில் அடிச்சுப் போகச் சொல்லவேண்டிய இடத்துல ஒரு விசில் அடிச்சு நிறுத்தி, டிரைவர்கிட்ட அறை வாங்கினவன்தானேடா நீ?"

அப்படி ஒன்று நடக்கவே இல்லை. விசில் விஷயத்தில் அவனைக் குறை சொன்னவன் அதுவரை உலகத்தில் பிறக்கவில்லை. அவன் முகம் தக்காளியாகிவிட்டது. நாகரத்தினம் எனக்குக் கண்ணால் சபாஷ் சொன்னாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சார், படுத்திருக்கிற ஒருத்தரை இப்படியெல்லாம் பேச உங்களுக்கு வெக்கமா இல்லையா? எழுந்து அந்த ஜன்னல் பக்கம் போங்க. ஒரு வார்த்தை பேசக்கூடாது."

போனேன். அவர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, பதற்றப்படாதீங்க. எந்த அவசரமும் இல்ல. எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்கோங்க. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. இவங்க உங்க மனைவியா?"

அந்த அன்பு இருக்கிறதே, அதுதான் அவனைக் கவிழ்த்தது. ஏகாம்பரம் சாந்தமானான். மனைவியைப் பார்த்தான். வெளிச்சம் ஒரு சுற்று வரும்வரை மரியாதையாகக் காத்திருந்து, 'ஆம்' கட்டத்தில் அழகாக அழுத்தினான்.

"இல்லை" என்றது குரலி.

"இது உங்க வீடுதானே?"

"இல்லை."

"இப்போ பகல்தானே?"

"இல்லை."

டாக்டர் எழுதத் தொடங்கினார். அவர் கண்ணில் நிஜமான வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஜன்னல் கம்பி வளைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

"எழுதாதீங்க மேடம். அவன் சொன்ன மூணும் ஆம். உங்க மிஷின் ஒரு கட்டம் தள்ளிக் கேக்குது. நீங்க நிதானமாப் பேசச் சொன்னதாலதான் தள்ளுது."

வாட்ச்மேன் கதை முழுவதையும் மூச்சு விடாமல் சொன்னேன். நிரூபன் புன்னகையை எடுத்து மாட்டிக்கொண்டான். "சார், அது லாக் பண்ணின டிவைஸ். கர்னலையெல்லாம் யாரும் தொட முடியாது."

"உன் கர்னலை நீயே வெச்சுக்கோ. பின்னாடி ரெண்டாவது பட்டனுக்கு ஒரு ஓட்டை இருக்கில்ல? அதுல ஒரு பட்டன் சொருகு. அதுக்கு எந்த வேலையும் குடுக்காதே. ஒருத்தர் அதைச் சும்மா தட்டிக்கிட்டே இருந்தா வாட்ச்மேன் தூங்கமாட்டான். அப்புறம் பாரு."

நிரூபன் பையிலிருந்து ஒரு பட்டனை எடுத்துச் சொருகினான். அதை வாங்க நாகரத்தினம் கையை நீட்டினாள். நிரூபன் தடுத்தான். "வீட்டுக்காரங்க தட்டினா, அவங்கதான் பதில் சொல்றாங்கன்னு ஆயிடும் மேடம்."

டாக்டர் குறுக்கிட்டார். "என்கிட்ட குடுங்க. நான் தட்டறேன்."

டக், டக், டக். அரசாங்க அதிகாரி ஒருவர் என் கண்முன்னே உருப்படியாக ஒரு வேலை செய்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இவங்க உங்க மனைவியா?"

ஏகாம்பரம் நிதானமாக யோசித்து அழுத்தினான். "ஆம்."

"இது உங்க வீடா?" "ஆம்." "இது ராத்திரியா?" "இல்லை." "இந்த சார் உங்க நண்பரா?"

அதற்கு மட்டும் வெளிச்சத்தை இரண்டு சுற்று விட்டுவிட்டு, "தெரியாது" என்றான். அயோக்கியன்.

எழுத்து வரிசையைத் திறந்து, அவனாக ஏதாவது சொல்லச் சொன்னார். ஒவ்வோர் எழுத்தாக வந்தது. "நீங்க மெதுவா தட்றீங்க. வேகமா."

டாக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், பாதியில் நிறுத்திவிட்டு நிரூபன் பக்கம் திரும்பினார். கை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.

"இந்த மேம்பாடு எல்லா மிஷினுக்கும் போச்சா?"

"ஆமா மேடம்."

"யோசிச்சுப் பதில் சொல்றவங்க எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுமா?"

நிரூபன் புன்னகையைத் தேடினான். கிடைக்கவில்லை. "டெஸ்ட்ல வரல மேடம். நாங்க... வேகமாத்தான் தட்டிப் பார்ப்போம்."

"அதுக்கப்புறம் நான் எழுதினது எல்லாம்..." என்று தொடங்கி அவர் முடிக்கவில்லை. "ஒவ்வொருத்தர்கிட்டயும் நிதானமா யோசிங்கன்னு சொன்னேன்."

அவர் தட்டுவது இப்போது அடிப்பது மாதிரி இருந்தது. அந்தப் பட்டன் என்ன பாவம் செய்தது என்று எனக்கே தோன்றியது.

*

அத்தோடு முடிந்திருந்தால் நான் வீதியில் இறங்கி லட்டு விநியோகம் செய்திருப்பேன். ஆனால் சட்டப்படி ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"ஐயா, உங்களுக்கு முடிவெடுக்கிற திறன் முழுசா இருக்குன்னு எழுதறேன். இனி நீங்க சொல்றதுதான். கடைசியா ஒண்ணு. நீங்க இந்த வீட்டிலேயே தொடர்ந்து இருக்க விரும்பறீங்களா?"

ஏகாம்பரம் நெடுநேரம் எடுத்துக்கொண்டான். டாக்டர் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்தது.

"இல்லை" என்றது குரலி.

நான் பாய்ந்தேன். "தப்பு. அது ஆம். ஒரு கட்டம் தள்ளிடுச்சு. மேடம், நீங்க நடுவுல தட்டறதை நிறுத்தினீங்க."

"நிறுத்தல சார்."

"ஒயர் லூசு. டேய் நிரூபா, அதைச் சரியாச் சொருகினியா?"

"சரியாத்தான் சார் இருக்கு" என்றான் அவன். முதல் தடவையாக அவன் சொன்னது உண்மை. அதற்காகவே அவனை இரண்டு அறை விடலாம் போலிருந்தது.

"இல்லை" என்று குரலி மறுபடியும் சொன்னது. பிறகு எழுத்து எழுத்தாக, எங்கள் எல்லாரையும் நிற்க வைத்து: "தூக்கறப்ப அவ இடுப்பு நொறுங்கற சத்தம் கேக்குது. அவளுக்குக் கேக்கல. எனக்குக் கேக்குது."

நாகரத்தினத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை.

டாக்டர் தட்டுவதை நிறுத்தி, காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "கேள்விகள் கேட்ட நேரத்துல கருவி சரியா இயங்கினதுன்னு ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். அவர் கம்பெனி ஆள். விஷயம் தெரிஞ்ச வெளியாள் நீங்கதான்."

நிரூபன் போட்டுவிட்டான். நான் பேனாவை வாங்கி, மூடியைத் திறந்து, மூடி, திறந்தேன். மிஷின் பொய் சொல்கிறது, மிஷின் பொய் சொல்கிறது என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியவன் நான். இன்னொரு தடவை கத்தினால் டாக்டர் நம்பிவிடுவார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஏகாம்பரம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நிரூபன் இரண்டாவது பட்டனைப் பிடுங்கக் குனிந்தான். நாகரத்தினம் அவன் கையைத் தட்டிவிட்டுப் பட்டனை எடுத்துக்கொண்டாள். நாற்காலியை இழுத்துக் கணவனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். டக், டக், டக்.

"யோவ், என் இடுப்பு. உனுக்கு இன்னா அதப் பத்தி? என்னக் கேக்காம இன்னாயா முடிவெடுக்கற நீ? சொல்லு. இப்ப நல்லா யோசிச்சே சொல்லு."

வெளிச்சம் சுற்றியது. முதலில் அவன் என் பக்கம் கண்ணைத் திருப்பினான். "தேவு வெளியே போ" என்றது குரலி.

"அவரு சொல்றது சரிதாண்ணே. போங்க" என்றாள், திரும்பாமலே.

மூன்று பேரும் வெளியே வந்தோம். டாக்டர் படிக்கட்டில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "எல்லாரையும்தான் சொல்றேன். ஆமா, இல்லத்துக்குப் போனவங்களையும். முதல்லேர்ந்து மறுபடியும் கேக்கணும்." நிரூபன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். வசவு ஒன்றும் வரவில்லை.

கதவுக்குப் பின்னால் நாகரத்தினம் கத்திக்கொண்டிருந்தாள். நடுநடுவே குரலி, "இல்லை" என்றது. அவள் "ஆமாம்" என்றாள். "இல்லை." "ஆமாம்யா." மீன்காரரோடும் சங்கத் தலைவரோடும் அவன் போட்டதெல்லாம் சண்டையே இல்லை. அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது, குரலியும் விடவில்லை. அதற்கெல்லாம் அடியில் அந்த டக், டக் மட்டும் ஒரு தடவைகூட நிற்கவில்லை.